கையைக் கடிக்காத கோடைப் பயணம்: குழந்தைகளோடு கோட்டை, கோயில், குகை பார்த்து வர முழு வழிகாட்டி

முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே வீட்டில் ஆரம்பித்துவிடும், எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க என்று. ஊட்டி, கொடைக்கானல் என்றால் ஈ-பாஸ் எடுத்து, மலைப்பாதையில் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, சீசன் வாடகைக்கு ரூம் பிடித்து, திரும்பி வந்து கணக்குப் பார்த்தால் தலை சுற்றும். இந்தப் பக்கம் பார்த்தால், வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில் பல்லவனோ சோழனோ நாயக்கனோ டேனிஷ்காரனோ கட்டிவைத்த ஒன்று இருக்கும், அதை நாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

நாங்கள் சில வருடங்களாக மே மாதத்தில் இப்படித்தான் சுற்றுகிறோம். அதில் பிடிபட்ட ஒரே விஷயம், இந்தப் பயணங்களில் பணத்தைத் தின்பது டிக்கெட் இல்லை, வெயில். பதினோரு மணிக்கு மேல் வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் முதலில் ஒரு ஆட்டோ, அப்புறம் ஏசி இருக்கும் ஹோட்டல், ஆளுக்கு இரண்டு பாட்டில் குளிர்பானம், கடைசியில் அழுகிற சின்னதைச் சமாதானப்படுத்த ஒரு பிளாஸ்டிக் பொம்மை. முதல் தடவை செஞ்சிக்குப் போனபோது எங்களுக்கு இதுதான் நடந்தது. காலை ஏழரைக்கு நிதானமாகக் கிளம்பி, வழியில் டிபன் சாப்பிட்டு, கோட்டை வாசலில் நிற்கும்போது மணி பதினொன்று. கோட்டையின் ராஜகிரிக் குன்றுப் படியில் கால்வாசி ஏறுவதற்குள் பையன் உட்கார்ந்துவிட்டான், பாறை சுட்டு உடனே எழுந்தும்விட்டான். கல்யாண மகாலைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். அதனால் கீழே சொல்வதெல்லாம் வெயிலைச் சுற்றித்தான் ஓடும்.

1. வீட்டிலிருந்து அளந்து இடம் தேடுங்கள்

போக இரண்டு, வர இரண்டு, மொத்தம் நாலு மணி நேரம். அதற்கு மேல் தூரம் என்றால் ராத்தங்கல் வரும், ராத்தங்கல் வந்தால் இது வேறு வகைச் செலவு. இந்த வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் மாவட்டத் தலைநகரின் அரசு அருங்காட்சியகத்தில் போய்க் கேட்கலாம். எங்கள் அனுபவத்தில் அங்கே இருப்பவர்களுக்கு யாராவது வந்து இப்படிக் கேட்டால் அவ்வளவு சந்தோஷம்.

சென்னைக்காரர்களுக்கு மாமல்லபுரம் இருக்கிறது, எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது (1851-ல் தொடங்கியது, வெண்கலச் சிலைகள் இருக்கும் பகுதிக்கே ஒரு முழுக் காலை வேண்டும்). வேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோட்டை: அகழியில் தண்ணீர், உள்ளே கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும். கோட்டைக்குள் நுழையக் கட்டணம் இல்லை. 1806 ஜூலை 10-ல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடம், 1857-க்கு ஐம்பது வருடம் முன்னால். தஞ்சை, கும்பகோணம் வட்டாரத்தில் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றுமே யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. புதுக்கோட்டையில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று வரும். மதுரைக்குக் கீழடியும் திருமலை நாயக்கர் மகாலும் சமணர் மலையும். மயிலாடுதுறைப் பக்கம் தரங்கம்பாடி, 1620-ல் டேனிஷ்காரர்கள் கடலை ஒட்டிக் கட்டிய கோட்டை, மே மாதத்திலும் சாயங்காலம் காற்று பிய்த்துக்கொண்டு போகும். நாகர்கோவில் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனை.

இதில் ஒன்று. ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. கும்பகோணம் போகிறோமே என்று தாராசுரத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் நாலு கோயில்களையும் ஒரே நாளில் அடுக்கினால், குழந்தைகளுக்கு ஞாபகத்தில் நிற்பது வேன் சீட்டு மட்டும்தான்.

2. வெயிலுக்கு ஏற்ற நேரம் எது என்று முடிவு செய்யுங்கள்

மனசுக்குள் மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

முதல் வகை பாறை: செஞ்சி, திருமயம், சித்தன்னவாசல், சமணர் மலை. இங்கெல்லாம் திறக்கும்போதே உள்ளே போய், ஒன்பதரை, பத்துக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். அக்னி நட்சத்திரம் ஓடும்போது செஞ்சி ராஜகிரி உச்சியைக் குழந்தைகளோடு முயற்சி செய்யாமல் இருப்பதே நல்லது. சுமார் 800 அடி உயரம், நிழல் குறைவு. கீழ்க்கோட்டையில் கல்யாண மகால், தானியக் களஞ்சியங்கள், யானைக்குளம் என்று பார்க்க நிறைய இருக்கிறது, அதோடு திரும்பினாலே திருப்தியாக இருக்கும்.

இரண்டாவது, கல் பாவிய பிராகாரம் உள்ள கோயில்கள். செருப்பை வாசலிலேயே விட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் பிராகாரத்தில் மதியம் ஒரு மணிக்கு வெறுங்காலோடு நின்றவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விரிப்பு போட்டிருப்பார்கள், அது குழந்தை ஓடுகிற பக்கம் இருக்காது. சாமி பார்க்க வேண்டும் என்றாலும் மதியம் சில மணி நேரம் நடை சாத்தியிருக்கும். ஆக, விடிந்ததும் போங்கள், இல்லாவிட்டால் நாலரைக்கு மேல். சாயங்காலம்தான் என் தேர்வு. சாய்வெயிலில் அந்த விமானத்தின் நிறம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கையோடு ஒரு கட்டுக்கதையையும் உடைத்துவிடலாம், விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்வார்கள் இல்லையா, நீளமாக விழுந்து கிடக்கும், குழந்தைகளை விட்டே காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது வகை கூரை உள்ளவை. அருங்காட்சியகங்கள், பத்மநாபபுரத்தின் மர அறைகள், நாயக்கர் மகாலின் தூண் மண்டபங்கள். இவற்றைப் பன்னிரண்டு மணிக்கு வைத்துக்கொள்ளலாம். மதுரையில் அதிகாலை சமணர் மலை ஏறிவிட்டு, உச்சிவெயில் நேரத்தில் கீழடி அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டால் அந்த நாள் அடிபடாது. ஒரு நாளைக்கு ஒன்று என்ற விதியை நான் மீறுவது இப்படி ஒரு பாறையையும் ஒரு கூரையையும் ஜோடி சேர்க்கும்போது மட்டும்தான்.

3. விடுமுறை நாள் பாருங்கள்

சின்ன விஷயம், ஆனால் குடும்பமே பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிற்க வைக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள். மற்ற இடங்களுக்கு முந்தின நாள் ஒரு போன் போட்டுவிடுங்கள். மாலை ஐந்து, ஐந்தரைக்குள் பல இடங்களில் சீட்டு கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. டிக்கெட் கணக்கு

மத்தியத் தொல்லியல் துறையின் இடங்களில் 15 வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்குக் கட்டணமே கிடையாது. பெரியவர்களுக்கு 2018-ல் வைத்த கட்டணப்படி உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள இடத்துக்கு 40 ரூபாய், மற்ற இடங்களுக்கு 25. இணையத்தில் எடுத்தால் ஆளுக்கு ஐந்து ரூபாய் குறையும். அதாவது அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் மாமல்லபுரம் போனால் 80 ரூபாய், வாசலில் இருக்கும் கியூஆர் பலகையைப் போனில் பிடித்து எடுத்தால் 70. அந்த ஒரு சீட்டிலேயே ஐந்து ரதங்களும் கடற்கரைக் கோயிலும் அடங்கும், ஐந்து ரதத்தில் காட்டிய சீட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளை உயரமாக வளர்ந்திருந்தால் பள்ளி அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் வழிபாட்டில் உள்ள கோயில்கள், நுழைவுக் கட்டணம் இல்லை. ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினத்தன்று மத்தியத் தொல்லியல் துறை இடங்களில் இலவச அனுமதி அறிவிப்பதுண்டு, ஆனால் அன்றைக்குக் கூட்டத்தில் நசுங்குவதற்கு நாற்பது ரூபாய் கொடுத்து வேறொரு நாள் போகலாம் என்பது என் கட்சி.

5. போக்குவரத்து

செலவில் பெரிய துண்டு இதுதான். வாடகைக் கார் எடுத்தால் மற்ற எல்லா மிச்சமும் அதில் போய்விடும். ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை, தனி இருக்கையோ படுக்கையோ கேட்காவிட்டால் பாதிக் கட்டணம், கேட்டால் முழுசு. இரண்டு மணி நேரப் பயணத்துக்கு முன்பதிவில்லாப் பெட்டியில் காலை முதல் வண்டியைப் பிடிப்பதுதான் மலிவு, அந்த நேரத்தில் ஜன்னலோர இடமும் கிடைக்கும். அரசுப் பேருந்திலும் ஐந்து வயது வரை இலவசம்.

அங்கே இறங்கியபிறகு ஆட்டோவை யோசிக்காமல் கூப்பிடாதீர்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கும்பகோணத்திலிருந்து தாராசுரம் மூன்று நாலு கிலோமீட்டர்தான், டவுன் பஸ்ஸில் அம்மாவும் பாட்டியும் அக்காவும் சும்மாவே போய் இறங்கலாம், அப்பாவுக்கு மட்டும் டிக்கெட். எங்கள் வீட்டில் அந்த டிக்கெட்டை வாங்குவதற்குள் நடக்கும் கிண்டல் தனி.

இதற்கு விலக்கும் உண்டு. சித்தன்னவாசல் மாதிரி, பஸ் எப்போதாவது வரும் இடங்களுக்குப் புதுக்கோட்டையிலிருந்து ஆட்டோ பேசிக்கொண்டு போவதே சரி. போக, காத்திருக்க, திரும்ப என்று மூன்றையும் சேர்த்துக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். அங்கே போய் ஆட்டோவை அனுப்பிவிட்டால் பதினோரு மணி வெயிலில் ரோட்டில் நிற்க வேண்டியிருக்கும்.

6. பை

புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம். இதில் தயிர்சாதத்தை மட்டும் கவனமாகக் கட்டுங்கள், பாலை அதிகமாக ஊற்றி உறை மோர் கொஞ்சமாக விட்டுக் கலந்தால்தான் மதியத்துக்குப் புளிக்காமல் இருக்கும். உருளைக்கிழங்கு வறுவலைத் தனி டப்பாவில். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கனக்கத்தான் செய்யும், வேறு வழியில்லை. அதில் ஒரு பாட்டிலை முந்தின ராத்திரியே ஃப்ரீசரில் வைத்து, ஈரத்துணி சுற்றி எடுத்து வந்தால் பத்து மணி வரைக்கும் ஜில்லென்று இருக்கும். வெள்ளரிப்பிஞ்சும் நுங்கும் வழியில் வாங்கிக்கொள்ளலாம், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

தொப்பி, ஒரு குடை, உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு, பழைய பருத்தித் துண்டு ஒன்று. கோயில்களுக்குப் போவதென்றால் குழந்தைகளுக்குப் பழைய சாக்ஸ், கல் சூட்டுக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. குரங்குகள் இருக்கும் இடங்களில் சாப்பாட்டுப் பை கையில் தொங்கக் கூடாது, முதுகுப் பைக்குள் போகட்டும்.

7. முந்தின ராத்திரி ஒரே ஒரு கதை

போகிற இடத்தின் முழு வரலாற்றையும் சொல்லப் போனால் பாதியில் தூங்கிவிடுவார்கள், நாமும்தான். ஒரு கதை போதும், அதுவும் ஒரு மனிதனைப் பற்றியதாக இருக்கட்டும். செஞ்சிக்கு தேசிங்கு ராஜா கதை. நாயக்கர் மகாலுக்கு, இப்போது நாம் பார்ப்பது திருமலை நாயக்கர் 1636-ல் கட்டிய அரண்மனையின் ஒரு பகுதிதான், பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெயர்த்துக்கொண்டு போய்விட்டார் என்பது. தாத்தா கட்டிய வீட்டைப் பேரன் உடைத்தானா என்று கேள்வி வரும், வரட்டும்.

8. அங்கே போனதும் தேட வையுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது, காசு எதுவும் செலவாகாததும் கூட. இது பல்லவர் காலம், இது சோழர் காலம் என்று சொல்லிக்கொண்டே நடந்தால் ஐந்து நிமிடத்தில் ஐஸ்கிரீம் எங்கே என்பார்கள். எதையாவது கண்டுபிடிக்கச் சொன்னால் நம்மை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். அதற்காக நீங்கள் முன்னாடியே கொஞ்சம் படித்துவைத்திருக்க வேண்டும்.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு பாறைக்கு முன்னால் நின்று, “இதில் ஒரு பூனை இருக்கு, கண்டுபிடி” என்று சொல்லிவிட்டு நீங்கள் ஒதுங்கி நிழலில் நின்றுகொள்ளலாம். யானைக்குப் பக்கத்தில், பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனை, காலடியில் எலிகள். மேலே எலும்பும் தோலுமாக நின்று தவம் செய்யும் ஆளைப் பார்த்துவிட்டு இந்தப் பூனையைப் பார்த்தால், செதுக்கியவனுக்கு எவ்வளவு குறும்பு இருந்திருக்கும் என்று தெரியும். அடுத்து, பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான். அப்புறம் பெரிய யானையின் காலுக்கு இடையில் எத்தனை குட்டிகள் என்று எண்ணச் சொல்லுங்கள். பக்கத்தில் கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்க, பசு கன்றை நக்கிக்கொண்டிருக்கும். எங்கள் மாமியார் அந்தப் பசுவுக்கு முன்னால் நின்றதுதான் அன்றைக்கு அதிக நேரம், “நாக்கை எப்படிப் போட்டிருக்கான் பாரேன்” என்று.

ஐந்து ரதத்தில் விடுகதை போடலாம். எது குடிசை மாதிரி இருக்கிறது? திரௌபதி ரதம், ஓலைக்கூரை அப்படியே கல்லில். எந்த ரதத்தின் பின்பக்கம் யானையின் முதுகு மாதிரி இருக்கிறது? நகுல சகாதேவ ரதம். பதில் தெரியாவிட்டால் துப்பு பக்கத்திலேயே நிற்கிறது, ஒரே கல்லில் செதுக்கிய யானை. பாண்டவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது என்பதையும் சொல்லிவையுங்கள். ஊரைச் சுற்றிலும் சில பாறைகளில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், பாறையைப் பிளக்க வெட்டியவை. என் பெண் அதில் விரலை விட்டு அளந்து பார்த்தாள், இரண்டு கணு வரை உள்ளே போனது.

பெரிய கோயிலில் தேடவேண்டியது எழுத்து. விமானத்தைச் சுற்றி அடித்தளம் முழுக்கக் கல்வெட்டு. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தமிழ், க, ட, ப, ர மாதிரிச் சில எழுத்துகளை இரண்டாம் வகுப்புப் பிள்ளையே அடையாளம் கண்டுவிடும். நாம் கொடுத்தவையும், நம் அக்கன் கொடுத்தவையும், நம் பெண்டுகள் கொடுத்தவையும், மற்றவர்கள் கொடுத்தவையும் எல்லாம் கல்லில் வெட்டுக என்று ராஜராஜன் சொன்னதாக அங்கே இருக்கிறது. அக்கன் என்பது அக்கா குந்தவை. தனக்கு அடுத்து அக்கா பெயரைப் போட்டிருக்கிறார் பார் என்று என் பெண்ணிடம் சொன்னேன், தம்பியை அன்று முழுவதும் அதை வைத்தே மிரட்டிக்கொண்டிருந்தாள்.

கீழடியில் விளையாட்டுச் சாமான்கள்: பகடைக்காய், சுடுமண் ஆட்டக்காய்கள். பானை ஓட்டில் ஆதன் என்று கீறியிருப்பதைக் காட்டிவிட்டு, நீ டிபன் பாக்ஸில் பெயர் எழுதுகிறாய் இல்லையா, அதேதான் என்றால் வேறு விளக்கம் வேண்டாம். சித்தன்னவாசல் குகைக் கோயிலில் நேரே உள்ளே ஓடாமல், மேலே விதானத்தில் தாமரைக் குளத்தைப் பாருங்கள், அதில் மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். கழுத்து வலிக்கும், அதனால் ஒருத்தர் பார்த்து மற்றவருக்குச் சொல்லட்டும். அதே குன்றில் ஏழடிப்பட்டம் என்கிற குகையில் சமண முனிவர்கள் படுத்த கல்படுக்கைகள் இருக்கின்றன, மொத்தம் 17, எண்ணச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு கண்டிப்பு. சுவரில் பெயர் கிறுக்கக் கூடாது, சிற்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. ட்ரோன், ஸ்டாண்டு வைத்த கேமரா எல்லாம் அனுமதி இல்லாமல் முடியாது, போன் கேமரா போதும்.

9. திரும்பும் நேரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்

“பத்து மணிக்குக் கிளம்புகிறோம்” என்று உள்ளே நுழையும்போதே சொல்லிவிட வேண்டும். இன்னும் பார்க்க இருக்கிறதே என்று நமக்குத்தான் மனசு கேட்காது, குழந்தைகளுக்குப் பிரச்சினையே இல்லை. கோட்டைக்கு வெளியே ஒரு மரத்தடி, துண்டை விரித்து கட்டுச்சோறு, அரை மணி தூக்கம், அப்புறம் பஸ். முகம் சிவந்து, பேச்சு குறைந்து, தலைவலி என்று யாராவது சொன்னால் அந்த நிமிடமே நிழலுக்குப் போய் ஈரத்துணி போட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

10. ஒரு நோட்டு

போய் வந்த மறுநாள் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுதிவையுங்கள்: எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எந்த பஸ், மொத்தம் எவ்வளவு, எது சொதப்பியது. நுழைவுச்சீட்டைப் பிள்ளைகளே ஒட்டட்டும். அடுத்த வருடம் தங்கை குடும்பம் கேட்கும்போது நோட்டைத் தூக்கிக் கொடுத்துவிடலாம். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில், என் பையனின் கோணல் எழுத்தில் இவ்வளவுதான் இருக்கிறது: “செஞ்சி. கிளம்பியது 7.30. தப்பு. டிசம்பரில் மறுபடி.”